வாக்கு எண்ணும் வாரத்தில் முதலீட்டை என்ன செய்வது?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை நிஃப்டி, அதாவது 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு, 733 புள்ளி ஏறி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணினார்கள். நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,884.50-க்கு வந்தது. அதே வாரம் வெள்ளிக்கிழமை 23,290.15. திங்கட்கிழமை இருந்த இடத்தைவிடச் சற்று மேலே. ஐந்து வர்த்தக நாளில் சந்தை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை பயந்து விற்றவர்களின் நட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவர்களில் பலர் எந்தக் கூட்டணி ஆட்சிக்கு வரும் என்பதைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணி 293 இடங்களோடு ஆட்சி அமைத்தது. ஆனால் பாஜக தனித்து 240-ல் நின்றது; தெலுங்கு தேசத்தின் 16 இடங்களும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 இடங்களும் தேவைப்பட்டன. முந்தின நாள் சந்தை விலை வைத்திருந்தது பாஜகவின் தனிப் பெரும்பான்மைக்கு. சந்தை அசைவது முடிவைப் பார்த்தல்ல, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பார்த்து. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கீழே சொல்வதெல்லாம் ஏன் என்பது தானே விளங்கும்.

சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் பக்கத்திலும், இந்தப் பக்கம் திருத்தணி, பள்ளிப்பட்டு, குடியாத்தம், கும்மிடிப்பூண்டியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களை நினைத்து இது எழுதப்படுகிறது. இங்கே இரண்டு மாநில அரசியலும் வீட்டுக்குள் வந்துவிடும். ஆந்திராவில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே வாக்களிப்பதால், ஒரே காலையில் டெல்லியும் அமராவதியும் மாறலாம். போதாக்குறைக்கு அது மாங்காய் சீசன். கையில் மொத்தமாகப் பணம் வருகிற மாதம்.

ஐந்து தேர்தல் சொல்வது என்ன

2004-ல் வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்று சந்தை நம்பியிருந்தது. வரவில்லை. இடதுசாரிகள் ஆதரவில் ஆட்சி அமையப்போகிறது, பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றுவிடும் என்ற பயத்தில் மே 17 அன்று, மும்பைச் சந்தையின் 30 பங்குக் குறியீடான சென்செக்ஸ் 564.71 புள்ளி, அதாவது 11 சதவீதத்துக்கு மேல் விழுந்து 4,505.16-ல் முடிந்தது. அன்று இரண்டு முறை வர்த்தகத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அதே அரசின் காலத்தில், 2007 டிசம்பர் 31 அன்று, சென்செக்ஸ் 20,286.99. அந்தத் திங்கட்கிழமை விற்றவர்கள் இழந்தது 11 சதவீதம் மட்டும் என்று எண்ண முடியாது.

2009 அதற்கு நேர் எதிர். முடிவு வந்தது மே 16, சனிக்கிழமை. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் மேல் வரம்பை, அதாவது ஒரு நாளில் ஏற அனுமதிக்கும் எல்லையை, தொட்டு நின்றது. அன்று சென்செக்ஸ் 2,110.79 புள்ளி, 17.34 சதவீதம் ஏறியது. வர்த்தகம் நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. 'முடிவு தெரிந்ததும் உள்ளே போகலாம்' என்று எல்லாவற்றையும் விற்றுக் காத்திருந்தவர்களுக்கு உள்ளே போகக் கதவே திறக்கவில்லை. தேர்தலுக்கு முன் முழுவதும் வெளியேறிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

2014-லும் 2019-லும் நடந்தது வேறு. 2013 செப்டம்பர் 13 அன்று மோடி பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது சென்செக்ஸ் 19,700 அளவில் இருந்தது. முடிவு வந்த 2014 மே 16 அன்று முதல் முறையாக 25,000-ஐத் தாண்டியது. ஆனால் நாள் முடிவில் வெறும் 216 புள்ளி ஏற்றத்தோடு 24,121.74. ஏற வேண்டியதெல்லாம் எட்டு மாதத்தில் ஏறி முடிந்திருந்தது. 2019-ல் எக்ஸிட் போல் வந்த மறுநாள், மே 20 அன்று, 1,421.90 புள்ளி ஏற்றம். உண்மையான முடிவு வந்த மே 23 அன்று 40,000-ஐத் தொட்டுவிட்டு 298.82 புள்ளி இறக்கத்தில் முடிந்தது. பெரும் வெற்றி வந்த நாளிலேயே இறக்கம்.

எக்ஸிட் போல் எப்போது வரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை அதை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு அனுமதிப்பதில்லை. அதற்கு அடுத்த வர்த்தக நாளில் வாங்குகிறவர்கள், முடிவையே வாங்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு கணிப்பை வாங்குகிறார்கள். 2024 ஜூன் 3 அன்று வாங்கியது அதுதான். எக்ஸிட் போலுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் நடுவே உள்ள நாட்களில் பங்கில் புதிதாக மொத்தத் தொகை எதையும் போடாதீர்கள். இந்த வழிகாட்டியில் விலக்கே இல்லாத விதி இது ஒன்றுதான்.

முதல் வேலை: பணத்துக்குத் தேதி போடுவது

தேர்தல் தேதி அறிவிப்பு வந்த வாரத்திலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்தத் தொகை, எங்கே இருக்கிறது, எந்த மாதம் தேவை. ஜூன், ஜூலையில் கல்லூரிக் கட்டணம், ஆவணியில் கல்யாணம், நிலத்துக்குத் தர வேண்டிய பாக்கி, எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய தவணை எல்லாம் அதில் வர வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்கிலோ பங்கு ஃபண்டிலோ இருந்தால், எண்ணிக்கை நாளுக்குப் பத்து வேலை நாட்கள் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். யார் வந்தாலும் இதைச் செய்ய வேண்டும். பங்கு விற்றால் பணம் அடுத்த வேலை நாளில் தரகர் கணக்குக்கு வரும். பங்கு ஃபண்டில் இரண்டு வேலை நாள். அதிலிருந்து வங்கிக் கணக்குக்கு வர இன்னொரு நாள் ஆகலாம். நடுவில் விடுமுறை வரும். 2024-ல் மும்பை வாக்குப்பதிவுக்காக மே 20 அன்று சந்தையே மூடியிருந்தது. பத்து நாள் என்பது இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

எடுத்த பணத்தை லிக்விட் ஃபண்டில், அதாவது மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டில், வைக்கலாம். ஏழாவது நாளிலிருந்து வெளியேறும் கட்டணம் கிடையாது. எஃப்டி போட்டால், முன்கூட்டியே உடைக்க வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். எந்தத் தேதியில் தேவையோ அந்தத் தேதிக்கே முதிர்வு வைத்துப் போடுங்கள். கடன் பத்திர ஃபண்டுகளில் நீண்ட காலப் பத்திரம் வைத்திருப்பதற்கும் தேர்தல் ஆட்டம் உண்டு. 2024 ஜூன் 4 அன்று 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டி 6.94-லிருந்து 7.03 சதவீதம் அளவுக்கு ஏறியது. வட்டி 0.09 ஏறினால், டியூரேஷன் (வட்டி மாற்றத்துக்கு மதிப்பு எவ்வளவு அசையும் என்ற அளவு) 7 வருடம் உள்ள ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 0.6 சதவீதம் குறையும். கல்யாணப் பணத்துக்கு அது வேண்டாத தலைவலி.

ஐந்து வருடம் தாண்டித் தேவைப்படும் பணத்தைத் தொடவே வேண்டாம். ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையான எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். நடுவில் இருப்பவை, அதாவது ஒன்று முதல் ஐந்து வருடம் வரை, எவ்வளவு பங்கில் இருக்க வேண்டும் என்பது உங்கள் வருமானம் எவ்வளவு நிலையானது என்பதைப் பொறுத்தது. அரசு வேலையும் மாங்காய்த் தோப்பும் ஒன்றல்ல.

விகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து லட்சத்தில் ஆறு லட்சம் பங்கு, நான்கு லட்சம் எஃப்டி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஐந்து புள்ளி விலகினால் சரிசெய்வது என்று விதி. ஜூன் 4 போல ஒரே நாளில் 6 சதவீதம் விழுந்தால் பங்கு 5.64 லட்சம், மொத்தம் 9.64 லட்சம், பங்கின் விகிதம் 58.5 சதவீதம். எதுவும் செய்யத் தேவையில்லை. 55-க்கு இறங்க வேண்டுமானால் பங்கு 18.5 சதவீதம் விழ வேண்டும். தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து ஓடும் நேரத்தில் இந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால், விற்கத் துடிக்கும் விரல் நிற்கும். உங்கள் விகிதத்துக்கு முன்கூட்டியே இதைக் கணக்குப் போட்டு அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

தோத்தாபுரி மாங்காய் விற்ற பணம் ஜூனில் வந்தால் அன்றைக்கே பங்கு ஃபண்டில் கொட்ட வேண்டாம். மூன்று லட்சம் என்றால் முழுவதும் லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் பங்கு ஃபண்டுக்கு மாதம் ஐம்பதாயிரமாக ஆறு தவணையில், ஃபண்டிலிருந்து ஃபண்டுக்குத் தானாக மாற்றும் எஸ்டிபி மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே நாளின் விலையில் முழுப் பணமும் மாட்டாது. பழக்கூழ் ஆலைகள் பாக்கியைத் தவணையாகத் தருகிற ஊரில், வந்த தொகையில் அடுத்த சீசன் மருந்து, உரச் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் இந்தக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடனில் வாங்கிய பங்கு

தேர்தல் வாரத்தில் உண்மையாகவே குடும்பத்தைக் கவிழ்ப்பது இதுதான். தரகரிடம் மார்ஜின் கடன், அதாவது எம்டிஎஃப், எடுத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் பணம் ஒரு லட்சம், தரகர் கடன் ஒன்றரை லட்சம், மொத்தம் இரண்டரை லட்சத்துக்குப் பொதுத்துறை வங்கிப் பங்கு வாங்கியிருக்கிறீர்கள். 2024 ஜூன் 4 அன்று பொதுத்துறை வங்கிக் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்கு விழுந்தது. இரண்டரை லட்சத்தில் 15 சதவீதம் 37,500 ரூபாய். உங்கள் சொந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மாலைக்குள் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் அவர்களே விற்பார்கள். பிறகு விலை திரும்பினாலும் பங்கு உங்களிடம் இருக்காது.

எண்ணிக்கைக்கு ஒரு வாரம் முன்பே எம்டிஎஃப் பாக்கியை அடையுங்கள். பங்கை அடகு வைத்து ஃப்யூச்சர்ஸ் (பின்தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) செய்கிறவர்கள், அடகுப் பங்கின் மதிப்பும் ஃப்யூச்சர்ஸ் நிலையும் ஒரே நேரத்தில் விழும் என்பதை மறக்கக்கூடாது. நகையை வைத்துப் பணம் வாங்கிப் பங்கில் போட்டிருந்தால் அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: நகையை மீட்டுவிடுங்கள்.

எண்ணும் நாள் காலை

எட்டு மணிக்குத் தபால் வாக்கு, எட்டரை வாக்கில் இயந்திர வாக்கு. சந்தையின் முன்திறப்பு ஒன்பது மணிக்கு, வர்த்தகம் 9:15-க்கு. அதாவது சந்தை திறக்கும்போது கையில் இருப்பது முதல் சுற்று முன்னிலை மட்டும்தான். ஒரு தொகுதியில் பல சுற்று எண்ணுவார்கள். காலை பதினொரு மணிக்கு முன் எந்த ஆர்டரும் போடாமல் இருப்பது நல்லது.

போட்டே ஆக வேண்டும் என்றால், விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும். மார்க்கெட் ஆர்டரில் என்ன கெடும்? வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவில் சாதாரண நாளில் பத்துக் காசு இருக்கும் பங்கில், அன்று இரண்டு மூன்று ரூபாய் இடைவெளி இருக்கும். 'என்ன விலையானாலும் சரி' என்று நீங்கள் சொன்னால், அந்த இடைவெளி முழுவதும் உங்கள் பையிலிருந்து போகும்.

விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறோம், பயமில்லை என்ற நம்பிக்கையும் அன்று உதவாது. 500 ரூபாயில் முடிந்த பங்குக்கு 480-ல் ஸ்டாப் லாஸ். காலையில் அது 440-ல் திறந்தால் மார்க்கெட் வகை ஸ்டாப் லாஸ் 440-ல் விற்கும். லிமிட் வகை என்றால், நீங்கள் கொடுத்த விலைக்குக் கீழே திறந்ததால் விற்காமலே நிற்கும். இரண்டுமே நீங்கள் நினைத்தது அல்ல.

குறியீடு 10 சதவீதம் அசைந்தால் நாடு முழுவதும் பங்கு வர்த்தகம் நிற்கும்: பகல் ஒரு மணிக்கு முன் என்றால் 45 நிமிடம், ஒன்று முதல் இரண்டரைக்குள் என்றால் 15 நிமிடம், இரண்டரைக்கு மேல் நிற்காது. 15 சதவீதம் என்றால் ஒரு மணிக்கு முன் ஒன்றே முக்கால் மணி நேரம், ஒன்று முதல் இரண்டுக்குள் 45 நிமிடம், அதற்குப் பின் அன்றைக்கு முழுதும் மூடல். 20 சதவீதம் எப்போது தொட்டாலும் அன்றைய கடை மூடியது. செயலி வேலை செய்யவில்லை என்று பதறுவதற்கு முன் சந்தையே நின்றிருக்கிறதா என்று பாருங்கள். செயலியே திணறும் நாளும் அதுதான். தரகரின் தொலைபேசி ஆர்டர் எண்ணை முந்தின வாரமே ஒரு முறை கூப்பிட்டுச் சோதித்து வையுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் விழுந்த நாளில் வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பங்கு ஃபண்டுக்கு அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, கிடைக்க, விண்ணப்பம் மட்டுமல்ல, பணமும் மூன்று மணிக்குள் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டரை மணிக்கு யூபிஐயில் தட்டினால், வங்கி, பரிவர்த்தனை மையம் எல்லாம் கடந்து அது மூன்றைத் தாண்டிவிடும். ஜூன் 4 விலை என்று நினைத்துப் போட்ட பணத்துக்கு ஜூன் 5 விலை வரும்; அன்று நிஃப்டி 735 புள்ளி ஏறியிருந்தது. பணத்தை முன்பே லிக்விட் ஃபண்டில் வைத்து அங்கிருந்து மாற்றினாலும் அதே நாள் விலை கிடைக்காது. ஒரு நாள் விலையைப் பிடிக்க மியூச்சுவல் ஃபண்ட் ஏற்ற கருவி அல்ல என்பதை ஏற்றுக்கொண்டால் மனம் அமைதியாகும்.

ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ பிரீமியம் கொடுத்துப் பெறும் உரிமை, பற்றிச் சுருக்கமாக. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் ஜூன் 4 அன்று 26-க்கு மேல் முடிந்தது. வெள்ளிக்கிழமை 17-க்குக் கீழே. முடிவு தெரிந்ததும் பதற்றம் வடிகிறது, அதோடு ஆப்ஷன் பிரீமியமும் வடிகிறது. திசையைச் சரியாகச் சொன்னவர்களின் ஆப்ஷன்கூட இப்படி இளைத்துப்போகும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தேர்தல் வாரம் அதைத் தொடங்குவதற்கான நேரம் அல்ல.

'நம்ம பக்கத்துக் கம்பெனி' என்ற பேச்சு

குப்பம் 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. அவர் 1992-ல் தொடங்கியது ஹெரிடேஜ் ஃபுட்ஸ். 2024 ஜூன் 4-க்குப் பிறகு அந்தப் பங்கு தொடர்ந்து மேல் வரம்பைத் தொட்டு, சில நாட்களில் 700 ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் 400 ரூபாய்ச் சுற்றுக்குத் திரும்பியிருந்தது. நிறுவனம் அதே பாலைத்தான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. நாயுடுவும் முதல்வராகவே இருந்தார். மாறியது உற்சாகம் மட்டும்.

இப்படி ஒரு பங்கு பேச்சில் அடிபட்டால் பார்க்க வேண்டியது: நிறுவனத்தின் வருமானத்தில் அரசிடமிருந்து வருவது எவ்வளவு? பால் நிறுவனத்தின் லாபத்தை முடிவு செய்வது கொள்முதல் விலையும் தயிர், நெய் விற்பனையும். தலைமைச் செயலகம் அல்ல. அடுத்து, எந்தச் செய்தியால் ஏறியது? திருப்பதி அருகே கரகம்பாடியிலும் சித்தூரிலும் ஆலை வைத்திருக்கும் அமர ராஜா பங்கும் அதே ஜூனில் ஏறியது. ஆனால் அந்த மாதம்தான் லித்தியம் பேட்டரி தொழில்நுட்பத்துக்காக கோஷன் குழும நிறுவனத்தோடு அது ஒப்பந்தம் செய்தது. தேர்தல் ஏற்றத்தையும் தொழில் ஏற்றத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதே தெரியாது. பிறகு, தேசியப் பங்குச் சந்தைத் தளத்தில் பெரிய அளவில் கைமாறிய பங்குகளின் (பல்க் டீல்) பட்டியலையும் காலாண்டுப் பங்குதாரர் விவரத்தையும் பாருங்கள். பெரிய கைகள் விற்கும் விலையில் நீங்கள் வாங்குகிறீர்களா என்பது அதில் தெரியும். மேல் வரம்பில் நிற்கும் பங்கில் விற்பவரே இருக்க மாட்டார். உங்கள் ஆர்டர் நிறைவேறுகிற நாள் பெரும்பாலும் ஏற்றம் முடிகிற நாள்.

அரசோடு ஒப்பந்தம் செய்து பிழைக்கும் நிறுவனங்களில் ஆபத்து நிஜமானது. 2019-ல் ஆட்சி மாறியதும், முந்தைய அரசு செய்த காற்றாலை, சூரிய மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க ஆந்திர அரசு முயன்றது. நிறுவனங்களுக்குச் சாதகமாக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2022 மார்ச்சில். நடுவில் பல மாதப் பாக்கி. இப்படிப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'வர வேண்டிய பாக்கி' வருமானத்தைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள்.

நிலம்

எல்லைப் பகுதியில் பெரிய பணம் போவது பங்கில் அல்ல, மனையில். அமராவதிக்கு 2015 அக்டோபர் 22 அன்று அடிக்கல். 2019 டிசம்பரில் மூன்று தலைநகர் யோசனை. 2024-ல் மீண்டும் அமராவதி. 2025 மே 2 அன்று பணிகள் மறுதொடக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் மனை விலை ஆடியது. பங்கை மறுநாள் விற்கலாம். மனைக்கு ஆள் கிடைக்க ஐந்து வருடம் ஆனவர்கள் அங்கே உண்டு. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியைச் சுற்றிய நிலத்துக்கு இந்த ஆட்டம் குறைவு. ஏனென்றால் அங்கே ஆலைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. வாக்குறுதியில் இருக்கும் தொழிற்பேட்டை வேறு, புகைபோக்கி தெரியும் தொழிற்பேட்டை வேறு.

ஆட்சி மாறும்போது நிலச் சட்டமே மாறும். 2023-ல் ஆந்திர அரசு, ஏழைகளுக்கு அரசு ஒப்படை செய்து 20 வருடம் கடந்த நிலங்களை விற்கும் உரிமை தந்தது. நம் பக்கத்தில் டிகேடி பட்டா என்கிறோமே, அந்த நிலங்கள். 2024-ல் புதிய அரசு அப்பதிவுகளை நிறுத்தி மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. நில உரிமைச் சட்டமும் அதே ஆண்டு ரத்தானது. ஆகவே:

- தேர்தல் அறிவிப்பு முதல் புதிய அரசு பதவியேற்று இரண்டு மாதம் வரை டிகேடி நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.
- பதிவு செய்யக்கூடாத நிலங்களின் 22ஏ தடைப் பட்டியலில் சர்வே எண் இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். ஆந்திர நிலப் பதிவேடுகளான அடங்கல், 1-பி இரண்டையும் ஒப்பிடுங்கள். 30 வருட வில்லங்கம் எடுங்கள்.
- அட்வான்ஸ் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அக்ரிமெண்டில் 'அரசு உத்தரவால் பதிவு நின்றால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்' என்ற வரியும் தேதியும் இருக்கட்டும்.

பணம் கொண்டுபோவதிலும் கவனம். நடத்தை விதி அமலில் இருக்கும்போது, 2024-ல் அது மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஆவணமின்றி இருந்தால் சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்யலாம். பத்து லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். வங்கியில் எடுத்த சீட்டு, மண்டி ரசீது, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். பறிமுதல் ஆனால் ரசீது வாங்கிக்கொண்டு மாவட்ட அளவிலான குறைதீர்க் குழுவிடம் போக வேண்டும். இதையெல்லாம்விட வங்கி வழியாக அனுப்புவது எளிது.

முடிவுக்குப் பிறகுதான் வேலை

எண்ணும் நாளைவிட உங்கள் பணத்தைத் தொடுவது, சில வாரம் கழித்து வரும் முழு பட்ஜெட். 2024-ல் அது ஜூலை 23. அன்று மாறியவற்றைப் பாருங்கள். பங்கின் குறுகிய கால லாப வரி 15-லிருந்து 20 சதவீதம். நீண்ட கால லாப வரி 10-லிருந்து 12.5 சதவீதம், விலக்கு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சம். தங்கத்தின் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாக இறங்க, சென்னையில் சவரன் விலை ஒரே நாளில் இரண்டாயிரம் ரூபாய் அளவுக்குக் குறைந்தது. அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.

வரி பயத்தில் அவசரமாக விற்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். நான்கு லட்சம் நீண்ட கால லாபம் என்றால், பழைய விதியில் மூன்று லட்சத்துக்குப் பத்து சதவீதம், 30,000. புதிய விதியில் 2.75 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 34,375. வித்தியாசம் 4,375 ரூபாய். இதற்காக நல்ல பங்கை விற்றுத் திரும்ப வாங்குவதில் பொருளில்லை. ஆனால் வீடு, நிலம் விற்பவர்களுக்கு மாற்றம் பெரியது: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும் தனிநபர்கள், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா என்று எது குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய கிரயப் பத்திரத்தோடு கணக்காளரிடம் இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு நகை வாங்குகிறவர்கள், தேர்தல் ஆண்டில் பட்ஜெட்டுக்கு முன் பாதி, பின் பாதி என்று பிரித்து வாங்கினால் வரி எந்தப் பக்கம் மாறினாலும் முழு அடியும் விழாது.

நமக்கு வாக்கு இல்லாத தேர்தல்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் டிரம்ப் வென்றார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அங்கே 50 சதவீதம் கூடுதல் வரி விழுந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளையும் நெல்லூர் பக்கத்து இறால் குட்டைகளையும் டெல்லித் தேர்தலைவிட நேராகத் தொட்டது அதுதான். முடிவுக்கும் அடிக்கும் நடுவே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தயாராக நேரம் கிடைத்தது.

ஏற்றுமதி நிறுவனப் பங்கு வைத்திருந்தால், ஆண்டறிக்கையில் நாடு வாரியான வருமானப் பக்கத்தைத் திறந்து, ஒரே நாட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த நாட்டுத் தேர்தல் தேதியையும் உங்கள் தாளில் எழுதுங்கள். வீட்டில் ஒருவர் ஷூ ஆலையிலோ இறால் பதப்படுத்தும் ஆலையிலோ வேலை செய்தால், அதே தொழிலின் பங்கை வாங்க வேண்டாம். சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் அடிபடும். அந்த வீட்டில் ஆறு மாதச் செலவுக்கான தொகை எஃப்டியில் தனியாக இருக்கட்டும். அது நிரம்பிய பிறகு எஸ்ஐபியைத் தொடங்கலாம்.